படகு ஏறுமுன்: கேரளக் காயலும் கடற்கரையும் (வாசகர் கேள்வி பதில்)

கேரளக் கரையோரப் பயணம் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஹவுஸ்போட் பற்றியவை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: ஆலப்புழையில் ஒரு இரவு ஹவுஸ்போட்டில் தங்க நினைக்கிறோம். எழுபதைத் தாண்டிய அப்பா, அம்மா, இரண்டு சின்னப் பிள்ளைகள் உட்பட 6 பேர். ஏஜென்ட் ‘21 மணி நேர பேக்கேஜ்’ என்கிறார். முன்பணம் அனுப்புமுன் என்னென்ன கேட்க வேண்டும்? (கோவை வாசகி)

அந்த 21 மணி நேரமும் நீங்கள் படகில் இருக்கலாம். படகு ஓடுவது அதில் கால்வாசிதான் தேறும். பகல் 12 மணிக்கு ஏற்றுவார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கரையோரம் நிறுத்துவார்கள். மாலை ஐந்தரை வாக்கில் கட்டிவிடுவார்கள். இருட்டிய பிறகு காயல் மீன்பிடிப்பவர்களுக்கு உரியது. வலை விரித்திருப்பார்கள், ஹவுஸ்போட் ஓடக் கூடாது. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு சின்னச் சுற்று, 9 மணிக்கு இறக்கம். நீங்கள் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால், தொலைந்த அந்த இரண்டு மணி நேரத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். சென்னை–ஆலப்புழை எக்ஸ்பிரஸ் முற்பகலில்தான் ஆலப்புழைக்கு வரும். அது தாமதமானால் கணக்கு உதைக்கும். முதல் நாளே போய்விடுவது நல்லது.

முதலில், ‘டீலக்ஸ்’, ‘பிரீமியம்’ என்ற பேச்சை விட்டுவிட்டு, ஏறப்போகும் படகின் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். அதே படகின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். ஒரு படகைக் காட்டி வேறொன்றில் ஏற்றுவதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி வரும் தகராறு. ஏ.சி. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று கேளுங்கள். சாதாரண பேக்கேஜில் இரவு 9 முதல் காலை 6 வரைதான் ஓடும், பகல் முழுக்க வேண்டுமென்றால் தனிக் காசு. இரவில் எங்கே கட்டுவார்கள் என்பதையும் விடாமல் கேளுங்கள். வரிசையாக இருபது படகு ஒட்டி நிற்கும் இடத்தில் கட்டினால், விடிய விடிய பக்கத்துப் படகு ஜெனரேட்டர்தான் தாலாட்டு.

வயதானவர்களுக்குச் சிக்கல் ஏறும்போதுதான். சில இடங்களில் கரைக்கும் படகுக்கும் நடுவே ஒரு பலகை, அவ்வளவே. சிமென்ட் படித்துறையில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள், படுக்கையறை கீழ்த்தளத்திலேயே இருக்கட்டும். மாடி உள்ள படகில் ஏணிப்படி செங்குத்தாக இருக்கும். பிள்ளைகளுக்கு, படகின் முன்பக்கக் கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியைப் பாருங்கள். உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று உண்டா, குழந்தை அளவில் உண்டா என்று ஏறியதும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பெரியவர் அங்கி சின்னப் பிள்ளைக்குத் தலைவழியே கழன்றுவிடும். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் ஒரு உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மேல் ஆள், இருட்டிய நேரம். இந்த இரண்டில் எது இருந்தாலும் ஏறாதீர்கள்.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் வாடகை ஒன்றரை, இரண்டு மடங்காகும். எங்களைக் கேட்டால், பெற்றோருக்குப் பகல் படகே போதும். இரவுக்குக் காயலோர வீட்டுத் தங்கலைப் பாருங்கள், கொசுவலையோடு.

கேள்வி: நாங்கள் மாணவர்கள், நான்கு பேர். ஹவுஸ்போட் கட்டுப்படியாகாது. வேறு வழி? (பாளையங்கோட்டை வாசகர்)

உண்டு, அதுவே மேல். கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைக்குத் தலைமையிடமே ஆலப்புழைதான். படகுத்துறை, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து கோட்டயத்துக்குப் பயணிகள் படகு போகிறது, சுமார் இரண்டரை மணி நேரம். டிக்கெட்டை உள்ளே கண்டக்டரே தருவார். ஒரு தோசை விலைதான். பள்ளிப் பிள்ளைகள், மீன்கூடை, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏறி இறங்கும். கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: கோட்டயம் கொடிமதை வரை போகுமா, காஞ்ஞிரத்தோடு நின்றுவிடுமா? கோட்டயத்தை நெருங்கும் வாய்க்காலில் படகு வரும்போது தூக்கிவிடும் நடைபாலங்கள் உண்டு. அவற்றில் ஏதாவது பழுதானால் காஞ்ஞிரத்தில் இறக்கிவிட்டுவிடுவார்கள். காலைப் படகில் போய், பேருந்தில் திரும்புங்கள்.

இன்னும் நேரம் இருந்தால் முஹம்மாவிலிருந்து குமரகத்துக்குப் படகு ஏறுங்கள். காயலின் அகலம் என்னவென்று அதில்தான் தெரியும். வடக்கே வைக்கம்–தவணக்கடவு கடவில் 2017 முதல் ஓடும் ‘ஆதித்யா’, இந்தியாவின் முதல் சூரிய மின்சாரப் பயணிகள் படகு. 75 பேர் உட்காரலாம். மோட்டார் இரைச்சலே இல்லாததால் தண்ணீர் உரசும் சத்தம் கேட்கும். வைக்கம் வரை போகிறவர்கள் பெரியார் நினைவகத்தைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். 1924 வைக்கம் போராட்டத்தில் அவர் இரண்டு முறை சிறை சென்றார். புதுப்பித்த நினைவகம் 2024 டிசம்பர் 12 அன்று திறக்கப்பட்டது.

கேள்வி: போன பிப்ரவரியில் போனோம். படங்களில் பார்த்த நீலக் காயலைக் காணோம். எங்கு பார்த்தாலும் ஆகாயத்தாமரை, தண்ணீரில் நாற்றம். ஏமாற்றப்பட்டோமா? (சேலம் வாசகி)

யாரும் ஏமாற்றவில்லை, நீங்கள் போனது மடை அடைத்திருக்கும் மாதம். வேம்பநாட்டுக் காயலின் தெற்கே இருக்கும் குட்டநாட்டில் வயல் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது, சில இடங்களில் இரண்டு மீட்டருக்கு மேல். சுற்றிலும் வரப்பு எழுப்பி, தண்ணீரை வெளியே இறைத்துவிட்டுத்தான் புஞ்சைப் பயிர் வைப்பார்கள். (நம்மூரில் புஞ்சை என்றால் மானாவாரி. அங்கே அது கழுத்தளவு தண்ணீரை இறைத்து நடத்தும் நெல் விவசாயம்!) கோடையில் கடலிலிருந்து உப்பு ஏறினால் பயிர் போச்சு. அதைத் தடுக்க 1970களில் தண்ணீர்முக்கத்தில் காயலின் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான தடுப்பணை கட்டினார்கள். டிசம்பர் நடுவில் ஷட்டரை இறக்கி மார்ச் நடுவில் ஏற்றுவது கணக்கு. அறுவடை தள்ளிப்போனால் திறப்பதும் தள்ளிப்போகும்.

இறக்கியதும் தெற்குப் பக்கம் ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) நின்று, தண்ணீர் தேங்கிவிடும். வயல் உரம் அதில் கலக்கும். ஆகாயத்தாமரைக்கு உப்புதான் எமன். உப்பில்லாத, உரம் கலந்த தேங்குநீர் கிடைத்தால் கேட்க வேண்டுமா? படகு அதற்குள் மாட்டினால் தண்டு விசிறியில் சுற்றிக்கொள்ளும். எஞ்சின் திணறி நிற்கும், படகுக்காரர் அதை நிறுத்திவிட்டுக் குனிந்து கத்தியால் அறுத்தெடுப்பார். அரைமணிக்கு ஒரு முறை இது நடந்தாலும் அவர்மேல் குற்றமில்லை.

இந்த மாதங்களில் சுத்தமான தண்ணீர் வேண்டுமென்றால் அணைக்கு வடக்கே போங்கள்: வைக்கம், அங்கிருந்து கொச்சி வரை. அங்கே ஓதம் ஏறி இறங்கும். தெற்கேதான் போவேன் என்றால் தண்ணீரை விட்டுவிட்டு வயலைப் பாருங்கள். ஆர் பிளாக், சித்திரா, மார்த்தாண்டம் காயல் நிலங்களில் படகு மேலே போகும், நெல் கீழே நிற்கும். வரப்போரம் ‘பெட்டியும் பறையும்’ என்ற மரப் பம்பு தண்ணீரை வாய்க்காலுக்குத் தள்ளிக்கொண்டிருப்பதைப் படகை நிறுத்திப் பார்க்கலாம். காயலை மட்டும் பார்க்க வருகிறவர்களுக்கு செப்டம்பர் கடைசி முதல் டிசம்பர் தொடக்கம் வரை நல்ல காலம். இடையில் துலாமழை (நம் ஐப்பசி மழை) மாலையில் கொட்டும், காலையில் சுற்றிவிடுங்கள்.

கேள்வி: ஹவுஸ்போட் உட்பக்கத்தில் ஆணியே இல்லை என்கிறார்களே, நிஜமா? (தேனி வாசகர்)

பழைய முறைப்படி கட்டிய அடிப்பகுதியில் இல்லை. ஆஞ்சிலிப் பலகைகளைக் கயிற்றால் தைத்து, இடுக்கில் தேங்காய் நார் அடைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள். கட்டிச் செய்ததால் கெட்டுவள்ளம். முன்பு நெல் ஏற்றியது, இப்போது நம்மை ஏற்றுகிறது. மேலே இருக்கும் அறைகளுக்கு இந்தக் கதை பொருந்தாது.

கேள்வி: ஆலப்புழைக்குப் பதில் மன்றோ துருத்து போகலாமா? தென்காசியிலிருந்து எது வசதி? (தென்காசி வாசகர்)

உங்களுக்கு மன்றோ துருத்துதான். செங்கோட்டை, புனலூர் வழியே கொல்லம் போகும் ரயிலில் ஏறினால் போதும். கொல்லத்திலிருந்து சாலையிலும் போகலாம், மன்றோ துருத்துக்கென்றே ரயில் நிலையமும் உண்டு, ஆனால் எல்லா வண்டியும் நிற்காது. அஷ்டமுடிக் காயலில் கல்லடையாறு வந்து சேரும் இடத்தில் வண்டல் சேர்ந்து உண்டான தீவுக்கூட்டம் இது. துருத்து என்பது நம் பழைய ‘துருத்தி’யேதான், ஆற்றிடைக்குறை. மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்துக்குத் திருத்துருத்தி என்று பெயர் இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மன்றோ என்பது திருவிதாங்கூரில் ரெசிடென்டாக (பிரிட்டிஷ் பிரதிநிதியாக) இருந்த கர்னல் ஜான் மன்றோ.

இங்கே பெரிய படகு செல்லாது. நாலைந்து பேர் உட்காரும் வள்ளத்தை ஒருவர் கழி ஊன்றித் தள்ளுவார், வீட்டு வாசல்களை ஒட்டியே வாய்க்கால் போகும். காலை 6 மணிச் சவாரியைப் பேசி வையுங்கள். ஒன்பதுக்கு மேல் வெயில் சுடும், பறவையும் அடங்கிவிடும். இங்கே கவனிக்க வேண்டியது ஓதம். அஷ்டமுடி நீண்டகரையில் கடலோடு திறந்தே இருக்கிறது. நீர் ஏறியிருந்தால் குட்டைப் பாலங்களுக்குக் கீழே தலையை முழங்காலுக்குக் கொண்டுபோக வேண்டும், சிலவற்றில் வள்ளம் நுழையவே நுழையாது. இறங்கியிருந்தால் குறுகிய வாய்க்காலில் வள்ளம் சேற்றில் தட்டும். எனவே நேரத்தைப் படகுக்காரரே சொல்லட்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி முற்றத்தில் தண்ணீர் நிற்கும் வீடுகளைப் பார்ப்பீர்கள். அங்கு இருப்பவர்களுக்கு அது அன்றாடத் துன்பம், கேமராவைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: வர்க்கலை, கோவளத்தில் கடலில் குளிக்கலாமா? அலை குறைவாக இருக்கும் இடமாகப் பார்த்து இறங்கினால் போதுமல்லவா? (திருச்சி வாசகர்)

போதாது, அதுதான் ஆபத்து. கரையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இருபுறமும் அலை வெள்ளையாக உடையும், நடுவே ஒரு பட்டை மட்டும் உடையாமல், சற்றுக் கருத்து, அமைதியாகத் தெரியும். நுரையும் மணலும் அதன் வழியாகக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். கரைக்கு வந்த நீரெல்லாம் திரும்பிப் போகும் வழி அது. நீச்சல் தெரியாதவர்கள் ‘அலை இல்லை’ என்று தேடிப்போய் இறங்குவது பெரும்பாலும் அங்கேதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டு ஓய்ந்துபோகக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் அலையோடு திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையைத் தூக்குங்கள். சிவப்புக் கொடி இருந்தாலோ, உயிர்காப்பாளர் விசில் ஊதினாலோ வாதம் வேண்டாம்.

ஏப்ரல், மே மாதங்களில் இன்னொன்று உண்டு: கள்ளக்கடல். உள்ளூரில் காற்றோ மழையோ இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், அலை மட்டும் திருடனைப் போல உயர்ந்து வரும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசிய புயற்காற்று கிளப்பிய நெடிய அலைகள் பல நாள் பயணித்து வருவது அது. 2024 மே மாதம் நம் குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே மருத்துவ மாணவர்கள் 5 பேரைக் கடல் இழுத்துப்போனது இப்படியொரு எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்கூட்டியே அறிவிக்கும், கிளம்புமுன் பாருங்கள்.

வர்க்கலையில் செம்மண் பாறைச் சுவரின் நிழல் சுகமாகத்தான் இருக்கும். மழைக்குப்பின் அதன் அடியில் உட்காராதீர்கள், சரிகிற பாறை அது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடல் மணலை அரித்துவிடும், அங்குள்ள பாபநாசம் கடற்கரையில் கால் வைக்க இடம் குறையும்.

கேள்வி: காயல் நடுவே படகை நிறுத்திக் கொஞ்சு (இறால்) வாங்கச் சொன்னார்கள். விலையைக் கேட்டு மயக்கமே வந்தது! (சென்னை வாசகி)

ஆற்றுக்கொஞ்சு அங்கே அருமைப்பட்டுவிட்டது. அது முட்டை பொரிக்க உப்புத்தண்ணீருக்குப் போக வேண்டும். மேலே சொன்ன தண்ணீர்முக்கம் அணை அந்த வழியை அடைக்கிறது. இதையெல்லாம் கணக்கில் எடுத்தாலும், படகு நிற்கும் கடையில் சுற்றுலாப் பயணி விலைதான். எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தலையும் நீலக் கொடுக்கும் போனால் பாதிதான் மிஞ்சும். சமைக்கத் தனிக் காசா என்று வாங்குமுன் படகுச் சமையல்காரரிடம் கேட்டுவிடுங்கள். பேக்கேஜிலேயே வரும் கரிமீன் போதாதா? வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீன் பொள்ளிச்சதுக்கு உள்ளங்கை அளவு மீன்தான் ருசி. முள் அதிகம், பிள்ளைகளுக்கு ஆய்ந்து கொடுங்கள்.

கேள்வி: நேரு கோப்பைப் படகுப் போட்டி எப்போது? (ஈரோடு வாசகர்)

ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை, புன்னமடைக் காயலில் நடப்பது பல வருட வழக்கம். ஆனால் 2024இல் செப்டம்பர் 28க்கும், 2025இல் ஆகஸ்ட் 30க்கும் போனது. தேதி அறிவித்த பிறகு ரயில் டிக்கெட் போடுங்கள்.