செல்லுலார் மோடமும் கெர்னல் டிரைவர்களும்: கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) நானே தொகுக்கிறேன். 4ஜி யூஎஸ்பி மோடத்துக்கு எந்தெந்த டிரைவர்களைச் சேர்க்க வேண்டும்?

பதில்: பெட்டியில் அச்சிட்ட பெயரைக் கொண்டு இதை முடிவு செய்ய இயலாது. செருகிய பின் மோடம் தன்னை எந்தெந்த இடைமுகங்களாகக் காட்டுகிறது என்பதை முதலில் பாருங்கள். மோடத்துக்கு உத்தரவிடும் ஏடி கட்டளைகளுக்கான சீரியல் போர்ட்டுகளும் டேட்டாவுக்கான நெட்வொர்க் இடைமுகமும் ஒரே கருவிக்குள் இருப்பதால், பெரும்பாலும் ஒரு டிரைவர் போதாது. சீரியல் போர்ட்டுகளுக்கு யூஎஸ்பி சீரியல் பிரிவில் உள்ள 'ஆப்ஷன்' டிரைவர் வேண்டும். டேட்டாவுக்கு, மோடத்துடன் பேசும் முறை குவால்காம் சில்லுகளின் கியூஎம்ஐ ஆனால் கெர்னல் 3.4இல் வந்த கியூஎம்ஐ டிரைவரும், யூஎஸ்பி பொதுத் தரமான எம்பிஐஎம் ஆனால் 3.8இல் வந்த எம்பிஐஎம் டிரைவரும் வேண்டும். அனைத்தையும் மாட்யூல்களாகவே (தேவைப்படும்போது ஏற்றும் தனிக் கோப்புகளாக) வையுங்கள். பிழை தேடும்போது கழற்றி மீண்டும் ஏற்றிப் பார்க்கலாம்.

கேள்வி: கணினியின் உள் இணைப்பான பிசிஐஇ வழியே இணையும் குவால்காம் 5ஜி மோடத்துக்கு?

பதில்: எம்எச்ஐ பஸ் (குவால்காம் மோடத்துடன் பேசும் வழி), அதன் பொதுவான பிசிஐ டிரைவர், செல்லுலார் மோடங்களுக்காகக் கெர்னல் 5.13இல் வந்த டபிள்யூவான் கட்டமைப்பு ஆகியவற்றைச் சேருங்கள்.

கேள்வி: 'ஆப்ஷன்' டிரைவருக்கு என் மோடத்தைத் தெரியவில்லை. புதிய கருவியை டிரைவருக்கு அறிவிக்கும் நியூ ஐடி கோப்பில் அதன் அடையாள எண்களை எழுதலாமா?

பதில்: சோதித்துப் பார்க்க எழுதலாம், நிரந்தரத் தீர்வாக வேண்டாம். எண்களை மட்டும் கொடுத்தால், எந்த இடைமுகத்தை விட்டுவிட வேண்டும் என்பது டிரைவருக்குத் தெரியாது. நெட்வொர்க் இடைமுகத்தையும் அது சீரியல் போர்ட்டாகப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

கேள்வி: அந்த எச்சரிக்கை மிகை, ஐயா. நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். டேட்டாவும் நன்றாகவே வருகிறது.

பதில்: நீங்கள் எழுதிய வேளையில் கியூஎம்ஐ டிரைவர் தன் இடைமுகத்தை முன்பே பிடித்திருந்தால் அப்படித்தான் வரும், ஒரு டிரைவர் பிடித்ததை மற்றொன்று பறிப்பதில்லை. ஆனால் மோடத்தைக் கழற்றிச் செருகும்போதோ கணினியை மறுதொடக்கம் செய்யும்போதோ, எது முந்துகிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறும். தொலைவில் ஆளில்லாமல் இயங்கும் கருவியில் இந்த நிலையின்மையை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். டிரைவரின் அட்டவணையில் மோடத்துக்கு ஒரு வரி சேர்த்து, விலக்க வேண்டிய இடைமுக எண்ணையும் அதில் குறித்து, அந்தத் திருத்தத்தைக் கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு அனுப்புவதே முறை. அதே மோடம் வைத்திருக்கும் எல்லோருக்கும் அது பயன்படும்.

கேள்வி: கியூஎம்ஐ இணைப்பு கிடைக்கிறது, ஐபி முகவரியும் கிடைக்கிறது, ஆனால் ஒரு பாக்கெட்கூடத் திரும்பி வரவில்லை.

பதில்: பெரும்பாலும் பாக்கெட்டின் வடிவம் (ஃபிரேம்) இரு பக்கமும் பொருந்தவில்லை. புதிய குவால்காம் மோடங்கள் ஈதர்நெட் தலைப்பில்லாத வெறும் ஐபி பாக்கெட்டுகளையே பரிமாறுகின்றன. டிரைவரோ ஈதர்நெட்டை எதிர்பார்த்துத் தொடங்குகிறது. இடைமுகத்தை 'டவுன்' செய்து, கெர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அதன் கியூஎம்ஐ அடைவில் உள்ள 'ரா ஐபி' கோப்பில் 'ஒய்' என எழுதி, மீண்டும் 'அப்' செய்யுங்கள். மோடங்களை நிர்வகிக்கும் மோடம்மேனேஜர் நிரல் இதைத் தானாகவே செய்துவிடும்.

கேள்வி: சேவை நிறுவனம் மோடத்தில் போட்ட சிம் பூட்டை கெர்னலில் நீக்க முடியுமா?

பதில்: முடியாது. அது சேவை நிறுவனத்திடம் கேட்க வேண்டியது.

கேள்வி: நியூ ஐடி எழுதிய பின் எனக்கு டேட்டாவுக்கான நெட்வொர்க் இடைமுகமே காணவில்லை. ஏன்?

பதில்: மேலே இருமுறை விளக்கிவிட்டேன், தயவுசெய்து அவற்றைப் படியுங்கள். இப்போதைக்கு, 'ஆப்ஷன்' பிடித்திருக்கும் நெட்வொர்க் இடைமுகத்தை அதிலிருந்து விடுவித்து (அன்பைண்ட்), கியூஎம்ஐ டிரைவருடன் இணையுங்கள் (பைண்ட்).