முதல் உலகப் போர்க்களங்களில் மண்ணிலிருந்து கிடைக்கும் பொருட்களைச் சேகரிக்கலாமா? நீங்கள் சேகரித்ததுண்டா?

சேகரிக்கலாம். ஆனால் நீங்களே போய்த் தோண்டாதீர்கள். வேலைக்காக வட பிரான்சின் லீல் நகரில் நான்கு வருடம் இருந்தேன். அப்போது சேர்த்தவை மொத்தம் ஆறே பொருட்கள்.

முதலாவது ஓர் ஈயக் குண்டு, கோலியைவிடக் கொஞ்சம் சிறியது. சோம் பகுதியில் தியெப்வால் கிராமத்துக்கு மேற்கே நடந்துகொண்டிருந்தபோது, உழுத வயலோரம் பேச்சுக் கொடுத்த விவசாயி ஒருவர் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்தார். பிரிட்டிஷ் 18 பவுண்டர் பீரங்கி சுட்ட ஒரு ஷ்ராப்னல் ஷெல்லுக்குள், அதாவது சிறு குண்டுகள் நிரப்பிய பீரங்கிக் குண்டுக்குள், இப்படி ஏறத்தாழ 375 இருக்கும். ஷெல் ஆகாயத்தில் வெடித்து இவற்றை முன்னோக்கி வாரி இறைக்கும். என்னிடம் உள்ளதில் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கிறது, எதிலோ பட்டிருக்கிறது. அன்று இரவே வயல் இருந்த இடம், தேதி எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி அதோடு டப்பாவில் போட்டேன். போர்க்கால பிரிட்டிஷ் பதுங்குகுழி வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அந்த வயலைத் தேடினேன். ஜெர்மானியர்களின் முன்வரிசைக் குழிகள் அதன் குறுக்கேதான் ஓடுகின்றன. சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று அந்தப் போர்முனை முழுவதுமாகச் சேர்த்து பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 19,240 பேர் இறந்தார்கள். அந்தச் சீட்டு இல்லையென்றால் என் கையில் இருப்பது வெறும் ஈயம்.

இரண்டாவது பொருளில் ஏமாந்தேன். பழம்பொருள் சந்தையில் துருப்பிடித்த ஜெர்மன் பெல்ட் பக்கிள் ஒன்று வாங்கினேன். விற்றவர் பிரான்சின் வெர்டன் போர்க்களத்தில் கிடைத்தது என்றார். அடுத்த மாதம் அதே மாதிரி ஒன்றை வேறொருவரிடம் பெல்ஜியத்தின் ஈப்பரில் கிடைத்தது என்று விற்றுக்கொண்டிருந்தார். புதிதாகச் செய்து மண்ணில் புதைத்துத் துருவேற்றி விற்பவர்களும் உண்டு. எங்கே கிடைத்தது என்று சொல்ல முடியாத பொருளை இப்போது நான் தொடுவதில்லை.

அடுத்து ஆபத்து. ஈப்பர் பக்கம் இன்றும் உழும்போது வெடிக்காத ஷெல்கள் மேலே வருகின்றன. விவசாயிகள் அவற்றைச் சாலையோரம் வைத்துவிட்டுத் தகவல் சொல்ல, பெல்ஜிய ராணுவத்தினர் வந்து அள்ளிப்போகிறார்கள். சில வெறும் களிமண் கட்டி போலவே இருக்கும், உள்ளே விஷவாயு இருக்கும். 2014 மார்ச்சில் ஈப்பரில் ஒரு கட்டுமான இடத்தில் பழைய ஷெல் வெடித்துத் தொழிலாளர்கள் இருவர் இறந்துபோனார்கள். சட்டமும் இருக்கிறது: பிரான்சில் அரசு அனுமதி இல்லாமல் மெட்டல் டிடெக்டர் வைத்துப் பழம்பொருள் தேடுவது குற்றம்.

இவை எல்லாவற்றையும்விட என்னைத் தடுப்பது வேறொன்று. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு 1916-லிருந்து கொடுத்த அடையாள வில்லைகள் ஒருவகை நார் அட்டையால் ஆனவை. பெரும்பாலும் மண்ணில் மக்கிப்போயின. எலும்புகளோடு கிடக்கும் ஒரு ஸ்பூனில் இறந்த சிப்பாய் கீறிவைத்த படை எண்தான் சிலசமயம் அவர் பெயரைத் திருப்பித் தருகிறது. தியெப்வால் நினைவுச்சின்னத்தில் கல்லறை தெரியாத 72,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. லீலுக்குப் பக்கத்தில் நெவ் ஷபெல்லில் உள்ள இந்திய நினைவுச்சின்னத்தில் 4,700-க்கும் மேல். அந்த ஸ்பூனை ஒருவர் அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டால், அந்த மனிதர் என்றைக்கும் பெயரில்லாமலே கிடப்பார். எலும்போ, பூட்ஸோ, ஒரே இடத்தில் பல பொருட்களோ கண்ணில் பட்டால் எதையும் அசைக்காமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.

முறையாக ஏதாவது கிடைத்தால், பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. முள்வேலிக் கம்பித் துண்டு ஒன்றைத் தேய்த்து எண்ணெய் தடவி அலமாரியில் வைத்தேன். ஆறே மாதத்தில் செதில் செதிலாக உதிர்ந்தது. இரும்புக்குள் ஊறிய உப்பு வெளியேறாதவரை துரு நிற்காது. காரக் (ஆல்கலி) கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, மெழுகு பூச வேண்டும். ஈயத்தின் மேலிருக்கும் வெண்படலத்தைச் சுரண்டாதீர்கள். ஓக் மரப் பெட்டியில் வைக்காதீர்கள், அந்த மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரித்துவிடும். அப்புறம், தொட்டால் கையைக் கழுவுங்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.