அம்மாவின் சேமலாப நிதியும் மூன்றாம் தடவையும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம். உயர்தரம் உயிரியல் பிரிவில் இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை இரசாயனவியலில் எஃப். இரண்டாம் தடவை ஒரு பீ, இரண்டு சீ. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோது மருத்துவம், பல் மருத்துவம், மிருக வைத்தியம் என்ற மூன்றை மட்டும்தான் போட்டேன். "மற்றதைப் போட்டால் அதிலேயே மாட்டிக்கொள்வாய், பிறகு டொக்டர் ஆக முடியாது" என்று ரியூஷன் சேர் சொன்னார். ஒவ்வொரு துறைக்கும் எடுபடத் தேவையான வெட்டுப்புள்ளி வந்தது, மூன்றிலும் நான் இல்லை. பாடசாலை டீச்சர் பட்டியலைப் பார்த்துவிட்டு, நான் போடாமல் விட்ட இரண்டு துறைகளுக்கு என் இசட் புள்ளி போதும் என்றார். அதைக் கேட்ட அன்று ராத்திரி முழுக்க அழுதேன்.

அப்பா மூன்றாம் தடவை எழுதச் சொல்கிறார். கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன், டவுனில் உள்ள ஒரு நிறுவனத்தில் சேரச் சொல்கிறார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டமாம், முதல் தவணை கட்டினால் இடம் உறுதியாம். அம்மாவுக்கு இந்த வருடம் 50. சேமலாப நிதி வந்ததும் கட்டிவிடலாம் என்று வீட்டில் பேச்சு. திறந்த பல்கலைக்கழகம், வெளிவாரிப் பட்டம் எல்லாம் கெம்பஸ் கிடைக்காதவர்கள் காலம் கடத்தும் வேலை என்கிறார்கள். அது உண்மையா? கோயிலுக்குப் போனால்கூட "கெம்பஸ் கிடைச்சதா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் என்ன செய்வது?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் காசு. அம்மாவின் சேமலாப நிதியைத் தொடாதீர்கள். தோட்டத்தில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவுக்கு வந்ததே 2021இல்தான். அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது 2024இல். அதற்கு முந்தைய வருடங்களில் அம்மா வாங்கிய சின்னச் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டிச் சேர்ந்ததுதான் அந்தக் கணக்கின் பெரும் பகுதி. முதுமையில் அவர் கையில் இருக்கப்போவதும் அது ஒன்றுதான். முதல் தவணைக்கு அது போதும். இரண்டாம், மூன்றாம் தவணைக்கு அண்ணன் கடை முதலாளியிடம் முற்பணம் வாங்குவார். நடுவில் காசு கட்ட முடியாமல் நின்றுபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும். கட்டிய காசு திரும்பி வராது, கையில் ஒரு காகிதமும் இருக்காது.

தனியாரிடம் படிப்பதே தவறு என்று சொல்லவில்லை. இந்த நாட்டில் அரச அங்கீகாரம் பெற்று சொந்தமாகப் பட்டம் வழங்கும் தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவில் அதற்கு இடம் உண்டு. உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் அப்படிப்பட்ட இடங்களில் படிக்க வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்றையும் அரசாங்கம் நடத்துகிறது. ஆகவே அந்த நிறுவனத்துக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம்? அதை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? வட்டியில்லாக் கடன் பட்டியலில் உங்கள் கற்கைநெறி உண்டா? பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாயால் மட்டும் "எல்லாம் இருக்கு தங்கச்சி" என்றால் எழுந்து வந்துவிடலாம். முதல் தவணை கட்டினால் இடம் உறுதி என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. இடம் அவ்வளவு அரிதாக இருந்தால் ஏன் டவுனில் துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள்?

இனி விண்ணப்பம். நீங்கள் நிராகரிக்கப்பட்டதாக எழுதுகிறீர்கள். டீச்சர் சொன்னபடி பார்த்தால், மூன்று துறைகள்தான் உங்களை எடுக்கவில்லை, மற்றவற்றிடம் நீங்கள் கேட்கவே இல்லை. ரியூஷன் சேர் சொன்னதில் பாதிதான் சரி. ஒரு துறைக்குத் தெரிவாகி, பல்கலைக்கழகத்தில் பதிவும் செய்தால்தான் அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்க முடியாமல் போகும். தெரிவானதாலேயே யாரும் மாட்டிக்கொள்வதில்லை. பெயர் வந்த பிறகு உட்கார்ந்து யோசித்து, வேண்டாம் என்றால் பதியாமல் விடலாம். யோசிக்கும் அந்த உரிமையை அவர் உங்களிடமிருந்து பறித்துவிட்டார். மருத்துவத்துக்குப் போன மாணவர் எண்ணிக்கையை பெனரில் போடும் வகுப்புகளுக்கு, சித்த வைத்தியத்துக்குப் போன பிள்ளையைக் கணக்கில் வைப்பதில் என்ன லாபம்?

பல்கலைக்கழக அனுமதிக்கான மாணவர் கைநூலை நீங்கள் முழுக்க வாசித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் யாரும் வாசிப்பதில்லை. அதில் தாதியியல் பட்டம் இருக்கிறது, பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கலாம். சித்த வைத்தியம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலை வளாகத்திலும் இருக்கிறது. விவசாயம் இருக்கிறது. பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டம் உண்டு. கொழுந்து பறிக்கிற வீட்டுப் பிள்ளைகள் அந்த வகுப்பில் எத்தனை பேர் என்று ஒருநாள் யாராவது எண்ணிப் பார்க்க வேண்டும். அது வேறு கதை.

மாவட்ட ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்பதும் உங்கள் வீட்டில் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 இடம் மாவட்டங்களுக்கு, சனத்தொகைப்படி. மிச்சம் 5 இடம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. இந்த மாவட்ட ஒதுக்கீட்டால்தான் நம் மாவட்ட வெட்டுப்புள்ளி கொழும்பை விடக் குறைவாக நிற்கிறது. அந்தக் குறைவைப் பார்த்து வெளி மாவட்டப் பிள்ளைகள் இங்கே வந்து பாடசாலையில் பதிந்து எழுதுவதும், அதனால் நம் வெட்டுப்புள்ளி ஏறுவதும் மலையகத்தில் எல்லோரும் அறிந்த கோபம்.

நாடு முழுக்கப் பார்த்தால், 2022ஆம் ஆண்டுப் பரீட்சையில் பல்கலைக்கழகத் தகுதி பெற்றவர்கள் ஒரு இலட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேல். அரச பல்கலைக்கழகங்களில் இடம் இருப்பது ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு. கோயிலில் உங்களிடம் கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளையும் பெயிலான பிள்ளையும் அவர்களுக்கு ஒன்றுதான். விளக்கிச் சொல்லி மாளாது. "இன்னும் இல்லை" என்று சொல்லிவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு வாருங்கள்.

மூன்றாம் தடவை எழுதலாமா? எழுதலாம், ஆனால் அதை மட்டுமே செய்யக்கூடாது. பல்கலைக்கழகத்துக்கென்று உயர்தரம் எழுத மூன்று தடவைதான் இடம், இது கடைசி. போன தடவை எடுத்த நல்ல பெறுபேற்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இதோடு ஒப்பிட்டு நல்லதைக் கொடுக்கலாம் என்பதும் கிடையாது. புதிதாக எழுதுவதுதான் கணக்கில் வரும். ஒரு பீ, இரண்டு சீ என்பதிலிருந்து மருத்துவத்துக்கு ஏறுவது பெரிய ஏற்றம். அதை எதிர்பார்த்து ஒரு வருடம் ஹட்டனில் போர்டிங் எடுத்துத் தங்க வேண்டாம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பதிந்து, வீட்டிலிருந்தே பலவீனமான பாடம் ஒன்றுக்கு மட்டும் வகுப்புக்குப் போய் எழுதுங்கள். பெறுபேறு வந்ததும் விண்ணப்பத்தில் தகுதியுள்ள எல்லாத் துறைகளையும் உங்கள் விருப்ப ஒழுங்கில் கடைசி வரி வரை நிரப்புங்கள். மருத்துவத்தை முதலில் போடுவதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

அந்த வருடத்துக்குள் செய்ய வேண்டியது வேறு இரண்டு இருக்கின்றன. இதுதான் இந்தப் பதிலில் நான் அதிகம் சொல்ல விரும்புவது.

ஒன்று, தாதியர் பயிற்சிக் கல்லூரி. சுகாதார அமைச்சு நடத்துவது, மூன்று வருட டிப்ளோமா. விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் சித்தியடைந்தவர்களை வர்த்தமானியில் விளம்பரம் போட்டுச் சேர்க்கிறார்கள். கட்டணம் இல்லை. படிக்கும்போதே கொடுப்பனவு உண்டு, முடித்தால் அரச வேலை. டிப்ளோமா முடித்துப் பதிவு பெற்ற தாதியருக்கென்று திறந்த பல்கலைக்கழகம் தாதியியல் பட்டம் நடத்துகிறது. சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டதாரி ஆகலாம். கெம்பஸ் போன பிள்ளையை விட சில வருடம் பிந்தலாம், ஆனால் அதற்குள் உங்கள் சம்பளத்தில் வீட்டுக்கு ஒரு தண்ணீர்த் தாங்கியாவது வந்திருக்கும்.

நம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் கிளினிக்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். போன மாதம் அப்படி ஒரு வாங்கில் நானும் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி. கிளினிக் கொப்பியை பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கையில் மூன்று வகை மாத்திரை உறைகள். போகிற வருகிற வெள்ளைச் சட்டைக்காரர் எல்லோரிடமும் ஒரே கேள்வி: "இது சாப்பாட்டுக்கு முன்னேயா பின்னேயா?" உறையில் எழுதியிருந்தது சிங்களத்தில். கேட்டவர்களில் இரண்டு பேர் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் சின்னப் பெண் ஒருத்தி, தலவாக்கலைப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது, வந்து குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு உறையிலும் பேனாவால் ஒரு சோற்றுக் கோப்பை வரைந்தாள். முன்னே என்றால் கோப்பைக்கு இடப்பக்கம் ஒரு புள்ளி, பின்னே என்றால் வலப்பக்கம். பயிற்சித் தாதி. பாட்டி உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ எந்தத் தோட்டம்மா?" என்று கேட்டார். டொக்டர் ஆக வேண்டும் என்ற உங்கள் ஆசைக்குள் எது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இது மாதிரி ஏதாவது இருந்தால், இந்த வழியை இரண்டாம் தரமாக நினைக்க வேண்டியதில்லை.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். அந்த விளம்பரம் வருடா வருடம் ஒழுங்காக வருவதில்லை. வந்தாலும் தோட்டத்துக்குச் செய்தி எட்டும்போது முடிவுத் திகதி தாண்டியிருக்கும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும், இணையத்தில் தமிழிலும் இருக்கிறது. போனில் திறந்து பார்ப்பதை வாராந்தப் பழக்கமாக்குங்கள்.

இரண்டாவது, பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. ஜெர்மன் உதவியோடு தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்க என்றே எழுந்த இடம் அது. கல்வியியற் கல்லூரிகளுக்கும் வர்த்தமானியில்தான் அழைப்பு. ஆசிரியையாக வேலைக்குப் போன பிறகு கல்விமாணிப் பட்டத்தைத் திறந்த பல்கலைக்கழகத்திலோ மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்திலோ செய்கிறவர்கள் நிறையப் பேர். நம் பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இல்லாமல் எத்தனை பிள்ளைகள் கலைப் பிரிவுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியவர் இல்லை நீங்கள்.

திறந்த பல்கலைக்கழகமும் வெளிவாரிப் பட்டமும் காலம் கடத்தும் வேலையா என்று கேட்டீர்கள். இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள். திறந்த பல்கலைக்கழகம் 1980 முதல் இயங்கும் அரச பல்கலைக்கழகம், தலைமையகம் நாவலவில். விஞ்ஞானப் பட்டத்துக்கு இசட் புள்ளிப் போட்டி இல்லை, மூன்று பாடச் சித்தி போதும். கண்டியில் பிராந்திய நிலையமும் ஹட்டனில் ஒரு கற்கை நிலையமும் உண்டு. ஆனால் கட்டணம் உண்டு, விஞ்ஞானம் ஆங்கில மொழியில்தான், செய்முறைக்குப் பயணம் போக வேண்டும். பஸ் காசையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வெளிவாரிப் பட்டம் என்பது பெரும்பாலும் பரீட்சைதான், விரிவுரை குறைவு, துணைக்கு யாரும் இல்லை. மூன்று வருடப் பட்டம் ஆறேழு வருடம் இழுபடுவதுண்டு. வேலை ஒன்றில் இருந்துகொண்டு செய்கிறவர்களுக்கு அது பொருந்தும். நானே அப்படிச் செய்தவன்தான், பகலில் காரியாலய வேலை, இரவில் நோட்ஸ். வீட்டில் சும்மா இருந்துகொண்டு வெளிவாரி செய்யத் தொடங்கினால் இரண்டாம் வருடத்தில் சலித்துவிடும். அதனால் இன்றைக்கு உங்களுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அதற்காக எல்லா வழியும் ஒன்றுதான் என்று பொய் சொல்லவும் மாட்டேன். பேராதனையில் மகாவலிக் கரையில் நாலு வருடம் விடுதியில் இருந்து, நாடு முழுக்க இருந்து வந்த பிள்ளைகளோடு சண்டை போட்டு, சமாதானமாகி, நூலகத்தில் தூங்கிப் படிக்கிற வாழ்க்கை தபாலில் வராது. அதை இழந்தால் இழப்புத்தான். ஒரு ராத்திரி அழுததாக வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: மூன்றாம் தடவை எழுதுகிறேன், அதே நேரம் தாதியருக்கும் கல்வியியற் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கிறேன், எது முதலில் வருகிறதோ அதைப் பேசித் தீர்மானிப்போம். அண்ணனிடம், பிந்திய தவணைகளுக்கு அவர் புரட்டவிருந்த காசில் கொஞ்சத்தை ஆங்கில வகுப்புக்குக் கேளுங்கள். தாதியர் கல்லூரியானாலும் திறந்த பல்கலைக்கழகமானாலும் முதல் வருடத்தில் நம் பிள்ளைகளைக் கவிழ்ப்பது ஆங்கிலம்தான்.

இதை வாசிக்கிறவர்களில் தாதியர் பயிற்சிக் கல்லூரியிலோ பத்தனையிலோ இப்போது படிக்கும் மலையகப் பிள்ளைகள் இருந்தால், நேர்முகத்தில் என்ன கேட்டார்கள், என்னென்ன சான்றிதழ் கொண்டுபோனீர்கள், முதல் மாதங்களில் பாடத்தை எப்படிப் பிடித்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். பெயர் இல்லாமல் வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்