'சர்க்கரை சேர்க்காத' ஸ்பார்க்ளிங் ஒயின்: லேபிளில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று போட்டிருந்ததால், இனிப்பே இருக்காது என்று நம்பி ஒரு புரோசெக்கோ (இத்தாலியின் குமிழி ஒயின்) வாங்கினேன். குடித்தால் இனிக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: யாரும் ஏமாற்றவில்லை. அந்தச் சொல்தான் உங்கள் காலை வாரிவிட்டது. ஐரோப்பிய விதிப்படி 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்றால் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் வரை சர்க்கரை. வெறும் 'ட்ரை' என்றால் 17 முதல் 32 கிராம், அதாவது இன்னும் இனிப்பு! 19ஆம் நூற்றாண்டில் ஷாம்பெயின் கிட்டத்தட்ட சர்பத்து மாதிரி இனித்தது. அதோடு ஒப்பிட்டு வைத்த பெயர்கள் இவை. பிறகு மக்களின் நாக்கு மாறியது, பெயர்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. பொம்மெரி என்ற ஷாம்பெயின் நிறுவனத்தின் 1874ஆம் வருட 'ப்ரூட்', இனிப்பைக் குறைக்கும் பழக்கத்துக்குப் பெரிய தொடக்கம். லாரன்-பெரியே என்ற இன்னொரு ஷாம்பெயின் நிறுவனம் 1889லேயே 'சர்க்கரை இல்லாத ஒயின்' என்று பெயரிட்டு விற்றிருக்கிறது. ஆகவே இது நேற்றைய டயட் மோகம் இல்லை.

இன்று 'ப்ரூட்' என்றால் 12 கிராமுக்குக் குறைவு, 'எக்ஸ்ட்ரா ப்ரூட்' என்றால் 6 வரை. நீங்கள் தேடுவது 'ப்ரூட் நேச்சர்': 3 கிராமுக்கும் குறைவு, கடைசியில் சர்க்கரை சேர்க்கவும் கூடாது. 'பா டோசே', 'டோசாஜ் ஜீரோ', இத்தாலியப் பாட்டில்களில் 'டொசாஜ்ஜோ ஸெரோ' என்று எழுதியிருந்தாலும் அதேதான்.

கேள்வி: அப்படியானால் ப்ரூட் நேச்சரில் எந்தக் கட்டத்திலும் சர்க்கரை போடுவதில்லை, சரிதானே?

பதில்: சரியில்லை. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஷாம்பெயின் முறையில் முதலில் குமிழி இல்லாத சாதாரண ஒயின் தயாராகிறது. அதைப் பாட்டிலில் ஊற்றும்போது ஈஸ்ட்டோடு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் போடுகிறார்கள். மூடிய பாட்டிலுக்குள் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று தீர்க்கிறது. அதனால் ஆல்கஹால் சற்றே கூடுகிறது. கரியமில வாயு வெளியேற வழியில்லாமல் ஒயினிலேயே கரைந்துவிடுகிறது. உள்ளே அழுத்தம் சுமார் 6 பார், கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு. உங்கள் குமிழி முழுக்க அந்தச் சர்க்கரையின் உபயம்! ஆனால் கிளாஸுக்கு வரும்போது அது இருக்காது.

மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், செத்த ஈஸ்ட் வண்டலோடு பாட்டில் கிடக்கும். பிறகு தலைகீழாகச் சாய்த்து வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை மட்டும் உறைய வைத்து, மூடியைத் திறப்பார்கள். உறைந்த வண்டல் 'டப்'பென்று தெறித்து வெளியே விழும், கூடவே கொஞ்சம் ஒயினும் போகும். அந்தக் குறையை நிரப்பும்போது சேர்க்கும் இனிப்புக்குத்தான் 'டோசாஜ்' என்று பெயர். ப்ரூட் நேச்சரில் தவிர்க்கப்படுவது இந்தக் கடைசிச் சர்க்கரைதான். குறைந்த இடத்தை அதே ஒயினை ஊற்றி நிரப்பிவிடுவார்கள்.

ஆரம்பம் முதலே சர்க்கரை படாதது வேண்டுமென்றால் 'பெட்-நாட்' கேளுங்கள். முதல் நொதித்தல் முடிவதற்குள்ளேயே பாட்டிலில் அடைப்பதால், திராட்சையின் சொந்தச் சர்க்கரையே குமிழியாகிறது. ஆனால் ஒன்று: ஈஸ்ட் பாதியில் ஓய்ந்துவிட்டால் மிச்சச் சர்க்கரை உள்ளேயே தங்கும். சேர்க்காதது என்பது வேறு, இனிக்காதது என்பது வேறு.

கேள்வி: எடை குறைக்க முயல்கிறேன், சர்க்கரை நோயும் உண்டு. இது எனக்கு நல்லதுதானே?

பதில்: கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12 சதவீத ஆல்கஹால் உள்ள 125 மில்லி கிளாஸில் ஆல்கஹாலே சுமார் 83 கலோரி. லிட்டருக்கு 9 கிராம் சர்க்கரை உள்ள ப்ரூட்டில், அதே கிளாஸுக்குச் சர்க்கரையால் வருவது 5 கலோரிகூட இல்லை. ப்ரூட்டிலிருந்து ப்ரூட் நேச்சருக்கு மாறி நீங்கள் மிச்சப்படுத்துவது அவ்வளவுதான். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஆல்கஹால் ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடக்கூடும். மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம். இதை ஆரோக்கிய பானமாக விற்கும் விளம்பரத்தைப் பார்த்தால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். ருசி பிடித்தால் வாங்குங்கள்.

கேள்வி: அந்த ருசிதான் பிரச்சினை. ஒரே புளிப்பு! எப்படித்தான் ரசிக்கிறார்கள்?

பதில்: நானும் முதல் பாட்டிலை அப்படித்தான் திட்டினேன். ஃபிரீசரிலிருந்து நேரே எடுத்து, ஒல்லியான உயரமான கிளாஸில் ஊற்றியது. எலுமிச்சையைப் பச்சையாகக் கடித்த மாதிரி இருந்தது. ஓரமாக வைத்துவிட்டு அரை மணி கழித்துச் சும்மா ஒரு வாய் குடித்தால், ஆப்பிள் தோல், பிரெட் மேலோடு, ஈரச் சுண்ணாம்பு வாசனை. அதே ஒயின்தான்.

டோசாஜ் என்பது ஒருவகை ஒப்பனை. அது இல்லாதபோது திராட்சை சரியாகப் பழுக்கவில்லை என்பதும், வண்டலோடு போதிய காலம் வைக்கவில்லை என்பதும் பளிச்சென்று தெரிந்துவிடும். அதனால் லேபிளில் வண்டலோடு எத்தனை மாதம் இருந்தது என்று போட்டிருந்தால் பாருங்கள். 30 மாதத்துக்கு மேல் இருந்தால் நான் தைரியமாக எடுப்பேன். 'டிஸ்கார்ஜ்டு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தேதி இருந்தால், அது வண்டலை நீக்கிய நாள். நீக்கிய கையோடு வந்த பாட்டில் முரட்டுத்தனமாக இருக்கும், சில மாதம் பொறுத்தால் அடங்கும். முதல் முறைக்கு, வண்டலோடு நீண்டகாலம் வைத்த காவா (ஸ்பெயினின் குமிழி ஒயின்) நல்ல தேர்வு. அங்கே வெயில் அதிகம், திராட்சை நன்றாகப் பழுக்கும், புளிப்பு அவ்வளவு குத்தாது. பிடித்துப்போனால் இத்தாலியின் இன்னொரு குமிழி ஒயினான ஃபிரான்சியாகோர்த்தா, பிறகு ஷாம்பெயின்.

8 முதல் 10 டிகிரி குளிர்ச்சி போதும், வயிறு அகன்ற ஒயின் கிளாஸ் எடுங்கள். வெறும் வாயில் குடிக்காமல் உப்பும் எண்ணெயும் உள்ளதோடு குடியுங்கள்: உருளைக்கிழங்கு வறுவல், உப்பு முந்திரி, பழைய கெட்டிச் சீஸ். கேக் மட்டும் வேண்டாம். இனிப்பு வாயில் இருந்தால் இந்த ஒயின் காடியாகத் தெரியும்.

கேள்வி: மிச்சமான பாட்டிலில் வெள்ளி ஸ்பூனைச் செருகி வைத்தால் குமிழி போகாதாமே?

பதில்: போகும். ஸ்பூனுக்கு அதில் வேலையே இல்லை. ஸ்பார்க்ளிங் ஒயினுக்கென்றே கவ்விப் பிடிக்கும் மூடி இருக்கிறது, அதைப் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாள் தாங்கும்.