ஏர்பேக் விளக்கு அணைந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: எட்டு வருடம் ஓடிய கார். ஒரு மாதமாக ஏர்பேக் விளக்கு அணைய மாட்டேன் என்கிறது. வண்டி ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. தெரிந்த மெக்கானிக் ஸ்கேனரை மாட்டி அழித்துக் கொடுத்தார். இரண்டே நாளில் திரும்ப வந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான மாட்யூலையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். அப்படியே விட்டு ஓட்டலாமா?

பதில்: ஓட்டினால் ஓடும். எஞ்சினுக்கும் இந்த விளக்குக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் வண்டி எங்காவது மோதினால் பை விரியுமா என்பதற்கு இப்போது யாரும் உறுதி சொல்ல முடியாது.

சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அதற்குள் மாட்யூல் தன்னோடு இணைந்த சென்சார், வயர், பை எல்லாவற்றையும் ஒரு முறை சோதித்துக்கொள்கிறது. எங்காவது கோளாறு தெரிந்தால் விளக்கை அணைக்காது. பல வண்டிகளில் ஒரே ஒரு இடத்தில் பழுது இருந்தாலும் மொத்த அமைப்பும் செயலிழந்து நிற்கக்கூடும். மோதும்போது சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து இறுக்கும் பகுதியும் இதே அமைப்பில்தான் இருக்கிறது. அதுவும் வேலை செய்யாமல் போகலாம். பெல்ட் வெறும் பெல்ட்டாக வேலை செய்யும். அதனால் சரி செய்யும் வரை பின் சீட்டில் இருப்பவர் உட்பட யாரும் பெல்ட் போடாமல் உட்கார வேண்டாம். தள்ளிப்போடக்கூடிய பயணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

உங்கள் மெக்கானிக் அழித்தது பழுதின் பதிவைத்தான், பழுதை அல்ல. மாட்யூல் மறுபடி சோதித்திருக்கும், மறுபடி எழுதியிருக்கும். இதில் அவர் மேல் தப்பில்லை. எப்போதோ பேட்டரி இறங்கியபோது பதிவான பழைய கோளாறு என்றால் அழித்ததோடு போயிருக்கும். இரண்டு நாளில் திரும்பியது என்றால் பழுது இன்னும் அங்கேயே இருக்கிறது என்று பொருள்.

சரி, மாட்யூலா? இருக்கலாம். ஆனால் நான் அதைக் கடைசியாகத்தான் நம்புவேன். முன் சீட்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள், மஞ்சள் நிற வயர், மஞ்சள் கனெக்டர் தெரியும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போதெல்லாம் அந்த வயரும் இழுபடுகிறது. கனெக்டர் லேசாகத் தளர்ந்தாலே விளக்கு வந்துவிடும். சீட்டைக் கழற்றிச் சுத்தம் செய்தார்களா, புது சீட் கவர் போட்டார்களா, கீழே உருண்ட பாட்டிலைக் கையை விட்டு இழுத்தீர்களா, இதையெல்லாம் யோசித்துப் பார்த்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அடுத்த சந்தேகம் ஸ்டியரிங் மேல். சக்கரம் சுற்றும்போது வயர் முறுக்கி அறுந்துவிடாமல் இருக்க, உள்ளே சுருள் நாடா மாதிரி ஒரு பாகம் இருக்கிறது. கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். ஓட்டுநர் பக்கத்துப் பைக்கு மின்சாரம் போவது அதன் வழியாகத்தான். ஹாரனும் பல வண்டிகளில் அதே வழிதான். விளக்கு வந்த அதே சமயத்தில் ஹாரன் விட்டு விட்டு அடிக்கிறதா, ஸ்டியரிங்கில் உள்ள பட்டன்கள் சொன்ன பேச்சு கேட்பதில்லையா? அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மாட்யூலே போவதும் உண்டு. வெள்ளத்தில் வண்டி நின்றிருந்தால் அது நடக்கும், ஏனென்றால் பல வண்டிகளில் அது நடுவில், தரையோடு ஒட்டி இருக்கிறது. பெரிய மோதலில் பைகள் வெடித்திருந்தால், நிறைய வண்டிகளில் பைகளோடு மாட்யூலையும் மாற்றச் சொல்வார்கள். உங்கள் வண்டிக்கு இரண்டும் நடக்கவில்லை என்றால் சர்வீஸ் சென்டரில் ஒன்று கேளுங்கள்: ஸ்கேனரில் வந்த பழுதுக் குறியீட்டு எண் (கோடு) என்ன, அது எந்த மின்சுற்றைக் காட்டுகிறது, மாட்யூல்தான் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு இன்னொரு இடத்தில் காட்டலாம். சோதனைக்கு மட்டும் தனியாகக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள், வீண் செலவு இல்லை. வேலை முடிந்ததும் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் போட்ட பாகத்தின் எண்ணும் வாரண்டியும் இருக்கட்டும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய பை மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். அது வேலை செய்யுமா என்று விரித்துப் பார்த்துவிட்டு மாட்ட முடியாது.

நீங்களே ஸ்கேனர் வாங்கலாம் என்று நினைத்தால் ஒரு எச்சரிக்கை: மலிவான சாதனங்கள் பலவும் எஞ்சின் கோளாறை மட்டும்தான் படிக்கும். ஏர்பேக் கோடும் படிக்கும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா, உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள். படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மஞ்சள் வயரில் மல்டிமீட்டரையோ டெஸ்ட் லாம்பையோ வைக்கவே கூடாது. பையைத் தூண்டிவிடச் சிறிய மின்சாரமே போதும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் மாட்யூலில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். வீடியோவில் ஒருவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஆட்டுவதைப் பார்த்து நாமும் ஆட்டுவது எனக்குப் பிடிக்காத விளையாட்டு.

கேள்வி: பழைய கார் ஒன்று பார்த்தேன். சாவி போட்டால் மற்ற விளக்குகள் எல்லாம் வருகின்றன, ஏர்பேக் விளக்கு மட்டும் வரவே இல்லை. "அதுதான் நல்லது, கோளாறே இல்லை" என்கிறார் விற்பவர். சரியா?

பதில்: சரியில்லை. கோளாறே இல்லாத வண்டியில் அது வந்துவிட்டுத்தான் போகும். வரவே இல்லை என்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது யாரோ வேண்டுமென்றே பிடுங்கியிருக்கலாம். மோதிய வண்டியைப் பை வாங்கிப் போடாமல் விற்பவர்கள் கையாளும் வழிகளில் இதுதான் எளிது. கெட்டிக்காரர்கள் வேறு மாதிரி செய்வார்கள்: ஏர்பேக் விளக்கின் வயரை வேறொரு விளக்கோடு சேர்த்துவிடுவார்கள், இரண்டும் ஒன்றாக வந்து ஒன்றாக அணையும். இன்னும் சிலர் பை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரை (மின்தடையை) வைத்து மாட்யூலையே ஏமாற்றிவிடுவார்கள். அப்போது விளக்கு ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போகும், உள்ளே பை இருக்காது!

அதனால் விளக்கோடு நிற்காமல் ஸ்டியரிங் நடு மூடியின் நிறமும் மற்ற பிளாஸ்டிக்கும் ஒத்துப்போகிறதா, டாஷ்போர்டில் வெட்டி ஒட்டிய அடையாளம் உண்டா, பெல்ட்டுகள் தடையில்லாமல் இழுபட்டுத் திரும்புகின்றனவா என்று பாருங்கள். உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கை வைத்து ஏர்பேக் மாட்யூலைப் படிக்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு வண்டி பார்க்கலாம்.

கேள்வி: என் வண்டியில் ஏர்பேக் விளக்கு ஒழுங்காக அணைகிறது. ஆனாலும் ஏர்பேக்குக்காகத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. போக வேண்டுமா?

பதில்: கட்டாயம் போங்கள். விளக்கு பார்ப்பது மின்சுற்றை மட்டும்தான்; பையை ஊத வைக்கும் ரசாயனம் கெட்டுப்போயிருந்தால் அதற்குத் தெரியாது. டகாட்டா நிறுவனத்தின் பைகளில் நடந்தது அதுதான். அவற்றில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் என்ற ரசாயனம் பல வருட வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, பை விரியும்போது உலோக உறையே சிதறி ஆட்களைக் கொன்றது. உலகம் முழுக்கச் சுமார் 10 கோடி பைகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. 2017இல் அந்த நிறுவனம் திவாலானது. இப்படிக் கம்பெனியே அழைத்து மாற்றும்போது பொதுவாகக் காசு வாங்குவதில்லை. கடிதம் வராதவர்களும், முக்கியமாகப் பழைய வண்டி வாங்கியவர்கள், வண்டியின் 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்தால் பயணி ஏர்பேக் 'ஆஃப்' என்று ஒரு விளக்கு வருகிறது. இதுவும் பழுதா?

பதில்: இல்லை, அது வேறு விளக்கு. சீட்டில் பெரியவர் இல்லை என்று எடையை வைத்துக் கண்டுபிடித்துப் பையை நிறுத்தி வைக்கிறது. பெரியவர் ஒருவர் நேராக உட்கார்ந்த பிறகும் அணையவில்லை என்றால் மட்டும் காட்டுங்கள்.