பேராதனைக்குப் போகட்டுமா, அம்மாவோடு இருக்கட்டுமா?

கேள்வி: நானும் அம்மாவும் மட்டும் வெள்ளவத்தையில் ஒரு சின்ன பிளட்டில் இருக்கிறோம். அப்பா இல்லை. உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். கொழும்புப் பல்கலைக்கழகத்தைத்தான் முதலில் போட்டேன், கிடைத்தது பேராதனை விஞ்ஞான பீடம். வீட்டிலிருந்தே போய்வர ஒரு தனியார் நிறுவனத்தில் டிகிரி செய்யலாம், காசு தருகிறேன் என்கிறார் மாமா. அம்மா "போ" என்றுதான் சொல்கிறா. ஆனால் ராத்திரியில் அழுவது எனக்குக் கேட்கிறது. என்ன செய்ய?
- வாசகி, கொழும்பு 6

பதில்: மகள், பேராதனைக்குப் போங்கள்.

விஞ்ஞானப் பிரிவில் அனுமதி 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரிகிறது. கடைசிச் சலுகை கொழும்புப் பிள்ளைக்கு இல்லை. அதையும் தாண்டி வாங்கிய இடம் இது. பதிவுத் திகதி தவறினால் போய்விடும், ஆகவே முதலில் அதைச் செய்யுங்கள். படிப்புக்குக் கட்டணமும் கிடையாது. மகாபொல, பர்சரி என்ற மாணவர் உதவிப்பணங்களுக்கு விண்ணப்பிக்க மறக்க வேண்டாம். மாமாவின் நல்ல மனதுக்கு நன்றி சொல்லி, அந்த உதவியை மேற்படிப்புக்குக் கேட்டு வையுங்கள்.

இனி அம்மாவின் அழுகை. நானும் பம்பலப்பிட்டியிலிருந்து பேராதனைக்குப் போனவள்தான். முதல் இரண்டு மாதமும் வெள்ளி பின்னேரம் விரிவுரை முடிந்த கையோடு பஸ் ஏறிவிடுவேன். கடுகண்ணாவ இறக்கத்தில் கண்ணை மூடினால் புறக்கோட்டையில்தான் முழிப்பேன். ஞாயிறு மத்தியானம் அம்மா ஒரு நெஸ்டமோல்ட் டின்னில் கட்டச் சம்பலை அமுக்கி அடைத்துத் தருவா. அம்மாவுக்காகத்தான் வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் டின்னை மூடிக்கொண்டே சொன்னா: "நீ கிழமைக்குக் கிழமை வந்தா, நான் கிழமைக்குக் கிழமை உன்னை வழியனுப்ப வேணும் பிள்ளை." அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறைதான் போனேன். என் அறைப் பிள்ளைகளோடு வெள்ளிக்கிழமை வளாகத்துக் குன்றிலுள்ள குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு ஏறியதும் அதற்குப் பிறகுதான். அவர்களில் ஒருத்தி திருகோணமலை, ஒருத்தி பதுளை. இன்றைக்கும் ஒருவர் வீட்டு நல்லது கெட்டதில் மற்றவர்கள் நிற்கிறோம்.

1942இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகத்தை 1952இல் பேராதனைக்குக் கொண்டுபோனதே, பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான். முதலாம் வருடத்தில் பாடம் ஆங்கிலத்தில் ஓடும். தமிழில் படித்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு அது கண்ணைக் கட்டி விட்டது மாதிரி இருக்கும். இரவு பத்து மணிக்கு விடுதியில் நாலு பேர் ஒரு நோட்ஸைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி விளங்கியதை மற்றவளுக்குச் சொல்லும்போதுதான் அது தெளியும். வீட்டிலிருந்து போய்வருகிறவர்களுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

பகிடிவதை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மாவின் மனதில் அது இருக்கும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது இரண்டு வருடம் வரை சிறைக்குரிய குற்றம், பாலியல் தொந்தரவோ பாரதூரமான காயமோ என்றால் பத்து வருடம் வரை. "எல்லாரும் தாங்கினதுதானே" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நடந்தால் அன்றைக்கே விரிவுரையாளரிடமும் அம்மாவிடமும் சொல்லுங்கள்.

இன்று இரவு அம்மாவின் அறைக்குப் போய், அழுவது கேட்கிறது என்று சொல்லிவிடுங்கள். இருவரும் சேர்ந்து அழுதாலும் பரவாயில்லை. எந்த நாளில், எத்தனை மணிக்குப் போன் எடுப்பீர்கள் என்பதை அங்கேயே பேசி முடியுங்கள். விடுதியில் சேரும் நாளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கட்டிலுக்கு அவவே விரிப்புப் போடட்டும். பிள்ளை எந்த யன்னலோரம் படுக்கிறாள் என்று தெரிந்துகொண்டு பஸ் ஏறட்டும்.