மூன்றாவது ரியூசனுக்கு முன்னம் ஒரு பாஸ்ட் பேப்பர்

அக்கா, மகன் உயர்தரப் பௌதிகவியலுக்கு இரண்டு இடத்தில் ரியூசன் போகிறான், ஆனாலும் தவணைக்குத் தவணை எஸ் (சாதாரண சித்தி) தான் வருகிறது, மூன்றாவதாக இன்னொரு சேரிடமும் விடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு விடாதீர்கள். அவனுக்குப் பாடம் விளங்கவில்லையா, அல்லது எது விளங்கவில்லை என்பதே அவனுக்குத் தெரியவில்லையா என்று முதலில் பார்ப்போம். முதலாவது என்றால் வகுப்பு உதவும். இரண்டாவது என்றால் எத்தனை வகுப்புக்குப் போனாலும் சேர் பலகையில் கணக்கைச் செய்து காட்டும்போது எல்லாம் விளங்கின மாதிரித்தான் இருக்கும், வீட்டில் தனியாக வெள்ளைத்தாளுக்கு முன்னால் இருந்தால்தான் கை ஓடாது.

தான் யோசிக்கும் விதத்தைத் தானே கவனித்து, வழி பிழைக்கும் இடத்தைப் பிடித்துத் திருத்துகிற இந்தத் திறனை மெட்டாகொக்னிஷன் என்பார்கள். 1970களில் ஜோன் ஃபிளாவெல் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதத் தொடங்கிய விஷயம் இது. இதை அளக்க 1994இல் ஷ்ரோவும் டெனிசனும் 52 கூற்றுகள் கொண்ட ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார்கள், பிறகு பௌதிகவியல் கணக்குகளுக்கென்றே தனியாக ஒன்றும் வந்தது. கணக்கைத் தொடங்க முன் திட்டம் போடுகிறாயா, இடையில் நின்று சரிபார்க்கிறாயா, விடை வந்த பிறகு அது பொருந்துமா என்று யோசிக்கிறாயா என்ற வகையான கேள்விகள். நல்ல கேள்விகள்தான், ஆனால் எங்கள் பிள்ளைகள் பெரியவர்களுக்குப் பிடித்த பதில் எது என்று பார்த்து எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டுவிடுவார்கள். அதனால் நான் பிள்ளை சொல்வதை விட, வினாத்தாளில் அவன் செய்வதைத்தான் நம்புவேன்.

வீட்டிலேயே செய்யலாம். ஒரு பாஸ்ட் பேப்பரின் (கடந்த வருடப் பரீட்சை வினாத்தாளின்) பகுதி 1ஐ எடுத்து, 50 பல்தேர்வும் இரண்டு மணித்தியாலத்தில் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ‘நிச்சயம்’, ‘சந்தேகம்’, ‘ஊகம்’ என்று ஒன்றை அவன் எழுத வேண்டும், விடையைப் பார்க்க முதல். திருத்தின பிறகு மொத்தப் புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ‘நிச்சயம்’ என்று எழுதிப் பிழைத்தவை எத்தனை என்று எண்ணுங்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் தெரியும் என்று நினைக்கிற பகுதியை அவன் திரும்பப் படிக்கவே மாட்டான். மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் கணத்தில் ஆர்முடுகலும் (வேகம் மாறும் வீதமும்) பூச்சியம் என்று எத்தனையோ பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். வேகம்தான் அங்கே பூச்சியம், புவியீர்ப்பு ஒரு கணமும் நிற்பதில்லை. மாறாக, ‘ஊகம்’ என்று எழுதினவைதான் பெரும்பாலும் பிழை என்றால் அது நல்ல சகுனம், அவனுக்குத் தன் குறை தெரிகிறது, அந்த அலகுகளுக்கு மட்டும் உதவி தேடினால் போதும்.

கட்டுரை வினாவுக்கு வேறு மாதிரி. கணக்கைச் செய்யத் தொடங்க முன், இந்தக் கணக்கு எந்தத் தத்துவத்தில் ஓடுகிறது என்று ஒரு வரி எழுதட்டும். 1981இல் மிச்செலின் சீயும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு ஒன்றில், புதிதாகப் படிப்பவர்கள் கணக்குகளைச் சாய்தளம், கப்பி என்று வெளித்தோற்றத்தைப் பார்த்துப் பிரித்தார்கள், தேர்ந்தவர்கள் சக்திக் காப்பு, நியூட்டனின் இரண்டாம் விதி என்று உள்ளே இருப்பதைப் பார்த்துப் பிரித்தார்கள். உங்கள் மகன் ‘இது கப்பிக் கணக்கு’ என்று மட்டும் எழுதினால், ரியூட்டை (ரியூசனில் தரும் பயிற்சித் தாளை) மனப்பாடம் செய்கிறான் என்று எனக்கு விளங்கிவிடும்.

ஒரு விஷயம், அக்கா. ‘எத்தனை புள்ளி?’ என்று கேட்டால் பிள்ளை ‘நிச்சயம்’ எழுதவே பயப்படுவான், சோதனையே பாழாகும். ‘எதைச் சரி என்று நினைத்துப் பிழைத்தது?’ என்று கேளுங்கள், ஏசாமல்.

கிளிநொச்சியில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமா, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிற விஞ்ஞான பீடமா, பரீட்சையை இரண்டாம் தடவை எடுப்பதா என்ற பேச்சையெல்லாம் இதற்குப் பிறகு வைப்போம். இரண்டு பேப்பர் இப்படிச் செய்த தாள்களோடு மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வகுப்பைக் கூட்டுவதா, இருக்கிற இரண்டில் ஒன்றை நிற்பாட்டி அந்த நேரத்தைத் தனியாகக் கணக்குச் செய்யக் கொடுப்பதா என்று தாளைப் பார்த்தே முடிவெடுப்போம்.